டீ டப்பாவுக்கு ஒரு சாந்தோம் சட்டை

இந்த எபிசோட் வீணாப்போன ஒரு டீ பாக்கெட்ல ஆரம்பிச்சு சாந்தோம் பீச்ல போய் நிக்கப்போகுது. நடுவுல ஜப்பான் வரும். கொஞ்சம் பொறுமையா கூட வாங்க.

போன மே மாசம், கூட வேலை பார்க்கிற நண்பர் ஒருத்தர் ஜப்பான் போயிட்டு வந்தப்போ எனக்கு நூறு கிராம் சென்சா வாங்கிட்டு வந்தார். சென்சான்னா அங்கே வீடுகளில் தினமும் குடிக்கிற பச்சைத் தேயிலை. பாக்கெட்டைப் பிரிச்சதும் அப்பதான் வெட்டின புல் வாசனை, கூடவே லேசா கடல் வாசனை. ரெண்டு நாள் ராஜா மாதிரி குடிச்சேன். அப்புறம் பாக்கெட் வாயில் ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு அடுப்புக்கு மேல இருக்கிற ஷெல்ஃப்ல வெச்சேன். கிண்டி, மே மாசம், அடுப்புக்கு மேல. இதுக்கு மேல நான் சொல்லணுமா? நாலாவது நாள் சந்தேகம் வந்து ஃப்ரிட்ஜுக்கு மாத்தினேன். பத்தாவது நாள் இலை பழுப்பாகி இருந்தது. போட்டுக் குடிச்சா நேத்து வெச்ச வத்தக்குழம்பு மணக்குது.

அம்மா ஒரே கேள்விதான் கேட்டாங்க: "காப்பிப்பொடிய இப்படி வெப்பியாடா?"

வெக்க மாட்டேன். காப்பிப்பொடிக்கு எங்க வீட்டில் இறுக்கமா மூடுற எவர்சில்வர் டப்பா இருக்கு. அதை ஈரக் கையால் தொட்டா திட்டு விழும். அந்த அறிவு ஏன் டீக்கு வரலைன்னு யோசிச்சுத்தான், ஜப்பான்காரங்க டீயை எப்படிப் பத்திரப்படுத்துறாங்கன்னு தேட ஆரம்பிச்சேன்.

முதல்ல அந்த இலைக்கு என்ன ஆச்சுன்னு பார்த்துடலாம். தேயிலையைப் பறிச்ச உடனே அதிலிருக்கிற என்சைம் வேலையை ஆரம்பிச்சிடும். வெட்டி வெச்ச ஆப்பிள் பழுப்பாகுதே, அதே சமாச்சாரம்தான். நாம பால் ஊத்திக் குடிக்கிற டீயில் அந்த வேலையை முழுசா நடக்க விடுறாங்க. பச்சைத் தேயிலையில் சூடு காட்டி அதை ஆரம்பத்திலேயே நிறுத்திடுறாங்க. சீனாவில் பெரும்பாலும் வாணலியில் வறுப்பாங்க. ஜப்பானில் இட்லி மாதிரி ஆவி காட்டுவாங்க, ஆனா முப்பது விநாடியிலிருந்து ஒண்ணு ரெண்டு நிமிஷம் வரைக்கும்தான். 1738இல் ஊஜிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நாகாதானி சோயென் என்ற தேயிலை விவசாயி, ஆவியில் வெந்த இளம் இலையை அடியில் சூடுள்ள மேசைமேல் கையால் உருட்டி உருட்டிக் காயவைக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். இன்றைய சென்சா அங்கிருந்து வந்ததுதான்.

அதாவது அந்தப் பச்சை நிறமும் புல் வாசனையும் பாதி வழியில் நிறுத்தி வெச்ச விஷயங்கள். வெளிச்சம், சூடு, ஈரம், காத்து, பக்கத்துச் சாமானின் வாசனை, இதில் எது பட்டாலும் அவை கெட்டுப்போயிடும். விற்பனைக்கு வரும் சென்சாவில் ஈரப்பதம் சுமார் 5 சதவீதம்தான். நம்ம ஊர் காத்துல கை வெச்சாலே பிசுபிசுக்குது, அந்தக் காய்ஞ்ச இலை சும்மா இருக்குமா? ஃப்ரிட்ஜில் வெச்சது இன்னும் பெரிய தப்பு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணி பாட்டில் வெளியே வேர்க்கும் பாருங்க, குளிர்ந்த பாக்கெட்டைச் சூடான சமையலறையில் திறந்தா உள்ளே இலைமேலேயே அப்படி வேர்க்கும். நான் அதைத் தினம் ரெண்டு தடவை செஞ்சிருக்கேன்.

இப்போ பழைய காலத்துக்குப் போகலாம். ஃப்ரிட்ஜும் அலுமினிய உறையும் இல்லாத காலத்தில் இதை எப்படி வருஷம் முழுக்க வெச்சிருந்தாங்க?

ஜாடியில். சென்சா வருவதற்கு முன்னாலேயே, பொடியாக்கிக் கலக்கிக் குடிக்கும் மாட்சா காலத்திலேயே அந்த வழக்கம் இருந்தது. பொடியாக வைக்க மாட்டார்கள், இலையாகவே வைப்பார்கள். நாம மல்லியையும் மிளகையும் முழுசா வெச்சு அப்பப்போ அரைக்கிற அதே காரணம்தான். வசந்தத்தில் பறித்த இலையில் உயர்ந்த ரகத்தைச் சின்னக் காகிதப் பைகளில் போட்டு ஜாடி நடுவில் வைப்பார்கள். சுத்தியுள்ள இடம் முழுக்கச் சாதாரண ரக இலையை அடைப்பார்கள். வெளியிலிருந்து வரும் ஈரத்தை அந்தச் சாதாரண இலை வாங்கிக்கொள்ளும், நடுவில் இருப்பது தப்பிக்கும். இந்த ஐடியாவைப் படிச்சப்போ எழுந்து நின்னு கை தட்டணும் போல இருந்துச்சு. அப்புறம் மூடியைக் காகிதம் ஒட்டிச் சீல் வைத்து, கோடை முழுக்கக் குளிர்ச்சியான மலைப்பகுதிகளில் வைத்திருந்து, நவம்பரில் சீலை உடைப்பார்கள். அதற்கு குச்சிகிரி என்று பெயர், வாய் திறப்பு. தேநீர் உலகத்தில் அது புத்தாண்டு மாதிரி.

எடோவிலிருந்த ஷோகுனுக்கு இதற்காகவே ஒரு ஊர்வலம் இருந்தது. எடோதான் இன்றைய டோக்கியோ. 1633இலிருந்து முறையாக வருஷா வருஷம் காலி ஜாடிகள் ஊஜிக்குப் போகும், நிறைந்து திரும்பி வரும். வழியில் எதிரே வருவது சிற்றரசராக இருந்தாலும் ஜாடிக்கு ஒதுங்கி வழிவிட வேண்டும். ஊர்க்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்துவிடுவார்கள். இன்றைக்கும் ஜப்பான் குழந்தைகள் கைவிளையாட்டில் பாடும் ஒரு பாட்டு இந்த ஜாடி ஊர்வலத்தைப் பற்றியதுதான் என்று சொல்வார்கள். வி.ஐ.பி. கான்வாய்க்கு நம்ம அண்ணா சாலையில் நிக்கிறோமே, அவங்க டீத்தூளுக்கு நின்னிருக்காங்க.

அந்த ஜாடிகளுக்கு வாயில் பட்டுத்துணி கட்டி, மேலே கயிறு முடிச்சுப் போட்டு அலங்கரித்து வைப்பார்கள். போட்டோவில் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது எங்க பாட்டியின் ஊறுகாய் ஜாடி. வெள்ளைத்துணியில் வேடு கட்டி பரண்மேல் உட்கார்ந்திருக்கும்.

பெரிய ஜாடிக்கு வாய்த்துணி என்றால், தேநீர்க் கூடத்தில் பயன்படுத்தும் சின்னக் குடுவைக்கு முழுச்சட்டையே உண்டு. மாட்சா பொடி வைக்கும் பீங்கான் குடுவைக்கு சாஇரே என்று பெயர். அதற்கு அளவெடுத்துத் தைத்த சுருக்குப்பைக்கு ஷிஃபுகு என்று பெயர். உண்மையைச் சொல்லணும்னா காத்துப் புகாமல் தடுப்பது மூடியின் வேலை, துணிக்கு அதில் பங்கில்லை. துணி அடிபடாமல் காப்பாற்றும், அதைவிட முக்கியமாக மரியாதை செய்யும். ஒரு நல்ல குடுவைக்கு ரெண்டு மூணு சட்டைகூட இருக்கும். விருந்தினர்கள் குடுவையைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு, பையையும் தனியாக வாங்கிப் பார்த்து, இது என்ன துணி என்று விசாரிப்பது ஆசாரம்.

இந்தப் பைகளைத் தேடிக்கிட்டிருந்த ஒரு ராத்திரியில்தான் அந்தப் பேர் கண்ணில் பட்டது. நீல நிறத்தில், மெல்லிய சிவப்பும் வெள்ளையும் கோடு ஓடுகிற பருத்திப் பை. துணியின் பெயர் சன்தொமே-ஜிமா. ஜிமா என்றால் கோடு. சன்தொமே என்றால்?

சாந்தோமேதான். கிண்டியிலிருந்து அடையாறு வழியா டிராஃபிக் இல்லாம போனா இருபது நிமிஷம்.

ஜப்பானிய அகராதிகளே இதைச் சொல்கின்றன: போர்த்துகீசியர்கள் சாவோ தோமே என்று அழைத்த சோழமண்டலக் கடற்கரை ஊரிலிருந்து வந்த கோடுபோட்ட துணி. மயிலாப்பூரில் புனித தோமா கல்லறை இருப்பதாக நம்பப்பட்ட இடத்தில் 1520களில் போர்த்துகீசியர்கள் குடியேறினார்கள். அவர்கள் அதே நூற்றாண்டில் ஜப்பானுக்கும் போனார்கள். துணியும் பெயரும் சேர்ந்தே போயிருக்கின்றன. இன்னொரு சுவாரசியம், ஜப்பானிய மொழியில் கோட்டுக்கும் தீவுக்கும் ஷிமா என்ற ஒரே உச்சரிப்பு. தெற்கே தீவுகளின் பக்கமிருந்து வந்த துணி என்பதால்தான் கோடுக்கே அந்தப் பெயர் வந்தது என்றொரு விளக்கமும் அங்கே உண்டு.

ஒரு விஷயத்தைத் தெளிவா வெச்சுக்கணும். சன்தொமே-ஜிமா சாந்தோம் மணலில் நெய்த துணி என்று அர்த்தம் இல்லை. துணி உள்நாட்டு ஊர்களில் கைக்கோளர், சாலியர் போன்ற நெசவாளர்களின் தறியில் உருவாகும். வியாபாரி முன்பணம் கொடுத்து எடுத்து வருவார். கப்பல் ஏறும் துறைமுகத்தின் பேர் துணிக்கு ஒட்டிக்கும். வட இந்தியாவில் யாராவது நம்மை மொத்தமா மெட்ராஸின்னு கூப்பிட்டா கோபம் வருதில்லையா, துணிக்கும் அதே கதிதான். நீலத்துக்கு அவுரி, சிவப்புக்குக் கடலோர மணலில் விளையும் சாயவேர், அதாவது இம்பூரல். நூல் மெல்லியது, கோடு அதைவிட மெல்லியது.

இப்போ ஒரு வருஷத்தைக் குறிச்சுக்கங்க: 1639. அந்த வருஷம் ஜப்பான் போர்த்துகீசியக் கப்பல்களை மொத்தமாகத் தடை செய்தது. அதே வருஷம் ஆகஸ்டில், சாந்தோமுக்குச் சில மைல் வடக்கே ஒரு மணல்திட்டை பிரான்சிஸ் டே கிழக்கிந்தியக் கம்பெனிக்காக வாங்கினார். காரணம் இங்கே துணி மலிவு. நம்ம ஊர் பிறந்ததே துணிக்காகத்தான். இரண்டு சம்பவங்களுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை, ஆனால் சாந்தோம் போர்த்துகீசியர்களின் காலம் இரண்டு பக்கமும் ஒன்றாகவே தேயத் தொடங்கியது.

ஜப்பானில் மிஞ்சிய ஐரோப்பியர்கள் டச்சுக்காரர்கள் மட்டும். 1641இலிருந்து நாகசாகியில் தெஜிமா என்ற சின்னச் செயற்கைத் தீவுக்குள் அவர்களை வைத்திருந்தார்கள். அதே டச்சுக் கம்பெனிக்கு இங்கே பழவேற்காட்டில் 1613இலிருந்து கோட்டை. பிறகு 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். இந்தப் பக்கமிருந்து துணி போகும். அந்தப் பக்கமிருந்து முதலில் வெள்ளி வந்தது, பிறகு செம்பு. ஜப்பான் செம்புக் கட்டிகள் சோழமண்டலத் துறைமுகங்களில் இறங்கி விலைபோயின. நாணயமானது, பாத்திரமானது. எங்க வீட்டுப் பழைய செம்புத் தவலையில் ஜப்பான் துளி ஏதாவது இருக்குமான்னு நான் உத்துப் பார்த்ததை அம்மா பார்த்துட்டாங்க. அது வேற கதை.

போர்த்துகீசியர் போன பிறகும், சாந்தோமையே 1662இல் கோல்கொண்டா படை பிடித்த பிறகும், துணிக்கு சன்தொமே என்ற பெயர் மட்டும் மாறவில்லை. எடோ நகரத்தில் சாதாரண மக்கள் ஆடம்பரப் பட்டு உடுத்தக் கூடாது என்று அவ்வப்போது சட்டம் போடுவார்கள். வியாபாரிகள் கையில் பணம் இருக்கு, காட்டத்தான் வழி இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் ஒற்றை நிறம், கிட்டத்தில் வந்தால்தான் மயிரிழைக் கோடு தெரியும் என்கிற இறக்குமதிப் பருத்தி அவர்களுக்குச் சரியாகப் பொருந்தியது. சட்டப்படி பருத்தி, விலைப்படி பவுசு. முழு உடைக்கு வசதி இல்லாதவர்கள் துண்டு வாங்கிப் பணப்பை தைத்தார்கள், புகையிலைப் பை தைத்தார்கள். தேநீர்க்காரர்கள் குடுவைக்குச் சட்டை தைத்தார்கள்.

கோட்டுத்துணி மட்டுமில்லை. நம் கடற்கரையிலும் குஜராத்திலும் கையால் வரைந்தும் அச்சிட்டும் சாயமிட்ட பூத்துணிகளும் போயின. அங்கே அவற்றுக்குச் சராசா என்று பெயர். அதைத் துண்டு துண்டாக வெட்டி ஆல்பத்தில் ஒட்டிச் சேகரித்தார்கள். 1778இல் சராசா மாதிரிகளுக்கென்றே ஒரு கையேடு அச்சாகி வந்திருக்கிறது. டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் ஹிகோனே சராசா என்று ஒரு தொகுப்பு இருக்கிறது. சுமார் 450 துண்டுகள், பெரும்பாலும் இந்தியத் துணி. ஹிகோனேயை ஆண்ட ஈ குடும்பத்தின் சொத்து.

அந்தக் குடும்பத்தில் வந்தவர்தான் ஈ நவோசுகே. தேநீர்க் கலையில் மூழ்கிய ஆள். இச்சிகோ இச்சியே என்ற சொல்லை இன்ஸ்டாகிராமில் பார்த்திருப்பீங்க: இந்தச் சந்திப்பு வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் என்று நினைத்து விருந்தாளிக்குத் தேநீர் கொடு என்பது அதன் பொருள். அந்தச் சொல் பரவியதற்கு அவர் எழுதிய தேநீர் நூல் முக்கியக் காரணம். அரசியலில் அவர் அவ்வளவு மென்மையானவர் இல்லை. ஷோகுனின் முதன்மை அதிகாரியாக 1858இல் அமெரிக்காவுடன் ஒப்பந்தம் போட்டுத் துறைமுகங்களைத் திறந்துவிட்டார், எதிர்த்தவர்களை ஒடுக்கினார். 1860இல் எடோ கோட்டை வாசலுக்கு வெளியே, பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், வெட்டிக் கொன்றார்கள்.

அவர் திறந்த கதவு வழியாக இரண்டு சரக்குகள் எதிரெதிர்த் திசையில் போயின.

வெளியே போனது பச்சைத் தேயிலை. 1859இல் யோகோஹாமா திறந்ததும் அமெரிக்காவுக்குக் கப்பல் கப்பலாகப் போக ஆரம்பித்தது. மறுபடியும் அதே பிரச்சினைதான்: ஈரமான கடலில் வாரக்கணக்கில் போகும் இலையை எப்படிக் காப்பாற்றுவது? துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே கொட்டகை போட்டு, கரியடுப்பில் வைத்த இரும்புச் சட்டிகளில் இலையை மறுபடி வறுத்து ஈரத்தை விரட்டினார்கள். சட்டிமேல் குனிந்து கையால் கிளறியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வறுத்ததில் நிறம் மங்கினால் பிரஷ்யன் நீலம் போன்ற சாயம் கலந்து பச்சையாக்கினார்கள். 1911இல் அமெரிக்கா சாயம் கலந்த டீக்குத் தடை போட்ட பிறகுதான் அது நின்றது.

உள்ளே வந்தது இங்கிலாந்தின் மெஷின் நூல். மெல்லிசா, சீரா, மலிவா. டோக்கியோவுக்குப் பக்கத்தில் கவாகோயே என்ற ஊரில் அந்த நூலை வைத்துச் சாந்தோம் கோட்டைத் தாங்களே நெய்ய ஆரம்பித்தார்கள். இறக்குமதித் துணிக்குத் தோசான் என்று ஒரு செல்லப்பெயர் இருந்தது. தோ என்றால் வெளிநாட்டுச் சரக்கு, சான் நம்ம சாந்தோமின் மிச்சம். கவாகோயே தோசானும் எடோவில் பேர் வாங்கியது. இன்னொரு பக்கம் சிபா மாநிலத்தின் தத்தேயாமாவில் இன்றும் கையால் தோசான் நெய்கிறார்கள். இயற்கைச் சாயம், பளபளப்பு வர மரக்கட்டையால் அடிப்பது, எல்லாம் பழைய முறைப்படி. மாநில அரசு அதைக் காக்க வேண்டிய கலைமரபாகப் பதிவு செய்திருக்கிறது.

அதே மெஷின் நூலும் துணியும் இங்கே வந்தப்போ நம்ம தறிகளுக்கு என்ன ஆச்சுன்னு பள்ளிக்கூடப் பாடத்தில் ஒரு வரி படிச்சிருப்போம். அங்கே வந்த நூலை வைத்து அவர்கள் நம்ம துணியை நெய்தார்கள். நம்மைவிட அவர்கள் கெட்டிக்காரர்கள் என்பதால் இல்லை. எந்தச் சரக்கை எந்த விதியில் உள்ளே விடுவது என்று முடிவு செய்ய இங்கே நமக்கு ஒரு அரசே இல்லை. ஜப்பானும் சமமில்லாத ஒப்பந்தத்தில்தான் மாட்டியிருந்தது, ஆனால் நாடு அவர்கள் கையில் இருந்தது.

பாட்டிகிட்ட இதை எல்லாம் சொன்னேன். பாட்டி பிறந்தது சைதாப்பேட்டையில், தறி ஓடின வீட்டில். சன்தொமே கதையைக் கேட்டு ஆச்சரியப்படுவாங்கன்னு நினைச்சேன். "எங்கப்பா நெஞ்ச கைலி பினாங்குக்குப் போச்சு. அங்க அதுக்குப் பழவேற்காடுன்னு பேராம்"னு சாதாரணமா சொன்னாங்க. தேடிப் பார்த்தேன். மலாய் மொழியில் கட்டம்போட்ட கைலிக்கு இன்றும் காயின் பெலிகாட் என்றுதான் பெயர். பெலிகாட் என்றால் புலிகாட், பழவேற்காடு. அங்கே ஒரு பேர், ஜப்பானில் ஒரு பேர். நெய்தவர் பேர்? கொள்ளுத்தாத்தா எந்தத் தெருவில் இருந்தார்னு கேட்டேன். பாட்டிக்குத் தெரு ஞாபகம் இருக்கு. எத்தனை தறின்னு ஞாபகம் இருக்கு. அந்தக் கைலி ஒண்ணுகூட வீட்டில் இல்லை. "யாரு எடுத்து வெச்சா, கிழிஞ்சதும் கரித்துணிதான்"னு சொல்லிட்டாங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில் சாந்தோம் போனேன். 1896இல் கட்டி முடித்த வெள்ளைத் தேவாலயம், பின்னால் கடல், மீன் கூடைகள். பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கோடுபோட்ட பருத்தி இருக்கான்னு கேட்டேன். "சர்ட் பிட்டா சார்?"னு கேட்டார். நீலத்தில் வெள்ளைக் கோடு, அரை மீட்டர் வாங்கினேன்.

சரி, டீக்கு வருவோம். இந்தத் தடவை ஐம்பது கிராம் பாக்கெட்டா ரெண்டு வாங்கினேன். ஒண்ணு பிரிக்காமல் ஃப்ரீசரில், ஜிப் கவருக்குள் கவர் போட்டு. எடுக்கிற அன்னிக்கு வெளியே ஒரு ராத்திரி வெச்சு, அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் கத்திரி. இன்னொண்ணு சின்ன எவர்சில்வர் டப்பாவில், அடுப்பிலிருந்து தூரமா, இருட்டான அலமாரியில். பிரிச்சது மூணு வாரத்தில் தீரணும், அதுக்கு மேல் நம்ம ஊர் காத்து விடாது. ஈர ஸ்பூன் கூடவே கூடாது.

போடும்போது கொதிக்கிற தண்ணியை நேரா ஊத்தாதீங்க. சென்சாவுக்குச் சுமார் 70 டிகிரி போதும். தியானின் என்ற இனிப்பான சுவைப்பொருள் குறைந்த சூட்டிலேயே இறங்கிடும். கசப்பும் துவர்ப்பும் சூடு ஏற ஏறத்தான் நிறைய வரும். தெர்மாமீட்டர் வேண்டாம். ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொண்ணுக்கு மாத்தினா தோராயமா பத்து டிகிரி குறையும். ஜப்பானில் இதுக்குன்னே ஒரு பீங்கான் கிண்ணம் விக்கிறாங்க. நம்மகிட்ட டபரா டம்ளர் இருக்கு. மூணு ஆத்து ஆத்துங்க, உயரத்திலிருந்து இல்லாம, நிதானமா. நாலு கிராம் இலைக்கு நூத்தி இருபது மில்லி, ஒரு நிமிஷம், கடைசிச் சொட்டு வரை வடிச்சிடணும். மிச்சம் நின்னா ரெண்டாவது தடவை கசக்கும். ரெண்டாவது தடவைக்குத் தண்ணி கொஞ்சம் கூடுதல் சூடா, பத்துப் பதினைந்து விநாடி. போர் தண்ணியில் போடாதீங்க, சுவை அமுங்கிடும். கேன் தண்ணி தேவலாம்.

அரை மீட்டர் துணியில் பாட்டி டப்பாவுக்குச் சுருக்குப்பை தெச்சுக் குடுத்துட்டாங்க. கயிறு கொஞ்சம் நீளம். டீயைக் குடிச்சுப் பார்த்துட்டு, "சக்கரை போடலியா"ன்னு கேட்டாங்க.